அண்ணன் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: எனக்கு வயது 29. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் ஐந்து மாதங்களுக்கு முன்பு மேலாளராகச் சேர்ந்தேன். என் கீழ் 16 பேர். அவர்களில் பத்துப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மேற்பார்வையாளர் ஒரு தமிழர், வயது 61, அங்கே 24 வருடமாக இருக்கிறார். நான் வருவதற்கு முன் எட்டு மாதம் என் வேலையையும் அவர்தான் சேர்த்துப் பார்த்தார். அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவரோ கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ‘சரி பாப்பா’ என்கிறார். தமிழ்ப் பையன்கள் சிரிக்கிறார்கள். பேக்கிங்கில் இருக்கும் சீன ஆண்ட்டிகள் நான் போனதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். புது ஸ்கேனர்களைக் கொண்டுவந்ததிலிருந்து இன்னும் மோசம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கண்டெய்னர்களை வரச் சொல்லியிருந்தேன். செவ்வாய்தோறும் பக்கத்து நிறுவனத்து லாரிகள் பாதையை அடைத்துக்கொள்ளும் என்பது அண்ணனுக்குத் தெரியும். சொல்லவில்லை. நான்கு மணி நேரம் வீண். அம்மா, ‘பெரியவங்க, அனுசரிச்சுப் போ’ என்கிறார். என் மேலதிகாரி, ‘எச்சரிக்கைக் கடிதம் கொடு, வயசு வரும்போது மிச்சத்தைப் பார்த்துக்கலாம்’ என்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்த நான்கு மணி நேரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்கும் நடந்திருக்கிறது.

2003, சார்ஸ் பரவிய வருடம். ஓர் அலுவலகத்தில் சரக்குப் பதிவுப் பிரிவை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது 27 வயது. தினமும் எல்லாருடைய உடல் வெப்பநிலையையும் எடுத்து எழுத வேண்டும். என் அம்மா வயதில் ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார், எல்லாரும் மாக்சிக் என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவர் இரண்டு பேரின் அளவை மாற்றி எழுதிவிட்டார். ஒன்பது பேர் முன்னால் சத்தமாகத் திருத்தினேன். அவர் ‘ஓகே’ என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, கேட்டால் பதில் சொல்வார்; கேட்காததைச் சொல்ல மாட்டார். எந்த டிரைவர் தாமதமாக வருவார், எந்த வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை போன் எடுக்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கோ ஒவ்வொன்றும் நடந்து முடிந்த பிறகுதான் தெரியவரும். வேலையில் பாதி, யாரும் கேட்காமலே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் விஷயங்களால்தான் ஓடுகிறது என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அவர் ஓய்வுபெற்றுப் போன நாளில்கூட அதைப் பற்றி அவரிடம் நான் பேசவில்லை. இன்றும் உறுத்துகிறது.

உங்கள் அண்ணன் அந்தச் செவ்வாய்க்கிழமை செய்தது தவறுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எட்டு மாதம் அவர்தான் உங்கள் வேலையைப் பார்த்தார் என்று. எட்டு மாதம் ஒரு மனிதர் இரண்டு வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் மனைவியிடம், பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார்? இந்த வேலை நமக்குத்தான் வரும் என்று நம்பியிருக்க மாட்டாரா? பிறகு ஒருநாள் 29 வயதுப் பெண் வந்து உட்காருகிறார். அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது அவரை உட்கார வைத்துச் சொன்னார்களா? முதல் வேலையாக உங்கள் மேலதிகாரியிடம் இதைக் கேளுங்கள். சொல்லவில்லை என்றால், அண்ணனுடைய கோபம் உங்கள் வயது மேல் இல்லை. அது நிறுவனம் தராத ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும் கோபம். நீங்கள் எதிரில் நிற்பதால் உங்கள் மேல் விழுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அது கோபத்தைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். அவருக்கு 61. சிங்கப்பூரில் ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 63இலிருந்து 64 ஆகிறது. மறுவேலை நியமன வயது, அதாவது ஓய்வு வயதுக்குப் பிறகும் நிறுவனம் வேலை தர வேண்டிய உச்ச வயது, 68இலிருந்து 69. அவர் சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ என்றால், 64 ஆனதும் நிறுவனம் அவரை நினைத்தபடி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. உடல்நலமும் வேலையும் திருப்தியாக இருந்தால் மறுவேலை நியமனம் தர வேண்டும், ஒப்பந்தம் குறைந்தது ஒரு வருடத்துக்கு இருக்க வேண்டும். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள், குறைந்தது ஆறு மாதம் முன்பே அவரிடம் பேசத் தொடங்கி, மூன்று மாதம் முன்பே ஒப்பந்தத்தைக் கையில் கொடுக்கச் சொல்கின்றன.

சரி, அவர் வேலை திருப்தியாக இருக்கிறது என்று எழுதப்போவது யார்? நீங்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ‘பாப்பா’ என்று அவர் கூப்பிடும் பெண்ணின் கையெழுத்தில்தான் அவருடைய அடுத்த ஐந்து வருடம் இருக்கிறது. அந்த நிலையில் எனக்கும் பேச்சு இயல்பாக வராது.

அதனால்தான் உங்கள் மேலதிகாரி ஒரே மூச்சில் சொன்ன அந்த இரண்டு விஷயங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் இப்போது, மிச்சம் வயசு வரும்போது என்றால், நாளைக்கு ‘வேலை திருப்தியில்லை’ என்று காட்ட இன்றே காகிதம் சேர்க்கச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கு நீங்கள் கை கொடுக்காதீர்கள். ஓய்வு வயதுக்கு முன்னால் ஒருவரை வயதைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவது ஏற்கெனவே சட்டவிரோதம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்திலும், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் வயது இருக்கிறது. மேலதிகாரியிடம் சண்டை போட வேண்டாம். ‘முதலில் நான் அவரிடம் பேசிப் பார்க்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கே பேசுவது? உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். அந்த நாற்காலியில் அவர் எட்டு மாதம் உட்கார்ந்திருக்கலாம். ஷிப்டுக்கு முன்னால், கேன்டீனில், அவருடைய தே ஓ கோசோங்கை (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரை) நீங்களே வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். தமிழில் பேசுங்கள். இப்படிச் சொல்லலாம்: “அண்ணே, இந்த வேலைய எட்டு மாசம் நீங்கதான் இழுத்துட்டுப் போனீங்க. நான் வந்து அஞ்சு மாசம் ஆச்சு, அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அது என் தப்பு.” சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் திட்டலாம், சிரிக்கலாம், ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று எழுந்து போகலாம். போனால் போகட்டும், அடுத்த வாரம் இன்னொரு தே. ஆனால் வேலை கிடைத்ததற்காக மட்டும் மன்னிப்புக் கேட்காதீர்கள். அது உங்களுக்குத் தகுதியால் வந்தது. நீங்களே அதைச் சிறிதாக்கினால் அவருக்கும் அதில் மரியாதை இல்லை.

அதே பேச்சில் மறுவேலை நியமனத்தையும் சொல்லுங்கள். “நீங்க எவ்வளவு நாள் இருக்கணும்னு நினைக்கிறீங்க, அண்ணே?” என்று கேளுங்கள். அந்த வயதில் பலரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. உங்களால் தர முடியாத வாக்குறுதி எதையும் தராதீர்கள். நீங்கள் எழுதப்போவது நேர்மையாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

‘பாப்பா’ விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொல்வதுபோல் அனுசரித்துப் போனால், அந்தப் பையன்களின் சிரிப்பு கிடங்கு முழுக்கப் பரவும். அவர் உங்களை ‘நீ’ என்று சொன்னாலும் பரவாயில்லை, கேன்டீனில் ‘பாப்பா’ என்றாலும் பரவாயில்லை. கூட்டத்தில் மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். இதை எல்லார் முன்னாலும் சொன்னால் என் மாக்சிக் கதை உங்களுக்கும் நடக்கும்; தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் ‘அண்ணே’ என்பதை நிறுத்தாதீர்கள். அது உங்களைக் குறைக்காது.

ஒரு எச்சரிக்கை: நீங்களும் அண்ணனும் அடிக்கடி தமிழில் குசுகுசுவென்று பேசினால், அந்தச் சீன ஆண்ட்டிகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவர்கள் உங்களைக் கண்டு பேச்சை நிறுத்துவதும் ஏறக்குறைய அதேதான். மனம்விட்டுப் பேசுவது தமிழில் இருக்கட்டும், வேலை விஷயம் எல்லாருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும்.

ஆண்ட்டிகளுக்கு ஸ்கேனர்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். அந்தத் திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறது? கையுறை போட்ட விரலுக்கு அந்தப் பொத்தான் அழுந்துகிறதா? ஒரு முழு ஷிப்டு அவர்களோடு நின்று நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி (டாலர்) போட்டார்கள். பெரிய படிப்புகளுக்கு அது நல்லது, யாராவது ஆசைப்பட்டால் வழி காட்டுங்கள். ஆனால் இந்த ஸ்கேனருக்கு வகுப்பு எதுவும் தேவையில்லை, பக்கத்தில் பொறுமையாக நிற்கும் ஒருவர் போதும்.

எச்சரிக்கைக் கடிதமே கூடாதா என்று கேட்பீர்கள். இப்படி ஒருமுறை தெளிவாகப் பேசிய பிறகும் அவர் வேண்டுமென்றே விஷயத்தை மறைத்தால், முக்கியமாக ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் யாருக்காவது ஆபத்து வரும்படி மறைத்தால், தயங்காமல் கொடுங்கள். அங்கே வயதுக்குச் சலுகை கிடையாது. அதற்கு முன்னால் வேண்டாம்.

அப்புறம், கேன்டீனுக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். வேறு எந்தெந்த நாளில் பாதை அடைபடும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அந்த நோட்டில், அவர் பார்க்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறிக்க வேண்டாம். அவர் பேசும்போது நீங்கள் வேறு எதையோ பார்க்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்.