எஃப்.எஸ்.எச். நார்மல்தானே, மறுபடி எதற்கு டெஸ்ட்?

கேள்வி: எனக்கு வயது 36. குழந்தைக்காக முயன்று வருகிறோம். மாதவிடாயின் 3-ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.எச். 6.5, எஸ்ட்ராடியால் 95 என்று வந்திருக்கிறது. எஃப்.எஸ்.எச். நார்மலாக இருந்தும், அடுத்த மாதம் மறுபடி எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். ஏன்?

பதில்: அவர் சொன்னது சரிதான். எஃப்.எஸ்.எச். எண்ணை எஸ்ட்ராடியாலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் சுரப்பது மூளையின் அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. சினைப்பையில் முட்டையைத் தாங்கிய சிறு நீர்ப்பைகளை (ஃபாலிக்கிள்) இந்த ஹார்மோன் வளர்க்கிறது. வளரும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அதில் முக்கியமானதுதான் எஸ்ட்ராடியால். அது ரத்தத்தில் ஏற ஏற, பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துக்கொள்ளும். மாதவிடாயின் முதல் சில நாட்களில் எஸ்ட்ராடியால் அடிமட்டத்தில், பெரும்பாலும் 50-க்கும் கீழே இருக்கும். பிட்யூட்டரி தன் போக்கில் எவ்வளவு சுரக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். 2, 3-ஆம் நாளில் ரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.

உங்களுக்கோ அன்றைக்கே 95. பொதுவாக 80-ஐத் தாண்டினாலே யோசிப்போம். அப்படியென்றால் அந்த 6.5, எஸ்ட்ராடியால் அமுக்கி வைத்த எண்ணாக இருக்கலாம். உண்மை அளவு இன்னும் மேலே இருக்கக்கூடும்; அது கூடுதலாக இருந்தால், சினைப்பையில் மீதமிருக்கும் முட்டைகள் (முட்டை இருப்பு) குறைந்து வருகின்றன என்று பொருளாகலாம். போன மாதத்து நீர்க்கட்டி கரையாமல் இருந்தாலும் இப்படி வரும். முட்டை இருப்பு குறையும்போது ஃபாலிக்கிள் சீக்கிரமே வளரத் தொடங்கினாலும் வரும். எது என்று ஒரே ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்கேனும், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் இங்கே உதவும்.

இதே ஈஸ்ட்ரோஜன் மாத நடுவில் நேர்மாறாக நடந்துகொள்வதுதான் எனக்கு இன்றும் வியப்பு. 200-க்கு மேல் ஏறி, கிட்டத்தட்ட இரண்டு நாள் அங்கேயே நின்றால், அதுவரை அமுக்கிக்கொண்டிருந்த ஹார்மோனே பிட்யூட்டரியைத் தூண்டிவிடும். முட்டையை வெளிவரச் செய்யும் எல்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோன் ஒரேயடியாக எகிறும். அது ஏறத் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தே பிட்யூட்டரியின் பதில் மாறுகிறது. அதனால் ரிப்போர்ட்டில் எண்ணோடு மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை, நல்ல ரத்தப்போக்கு தொடங்கும் நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். லேசாகப் படும் கறை கணக்கில் வராது. அப்புறம், முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில பரிசோதனை முறைகளில் அது எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்தும் எஸ்ட்ராடியாலைக் கூட்டியும் காட்டும், அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் வந்திருப்பது போலவே. சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ரத்தம் கொடுங்கள்.