இத்தாலிய முகமூடி நாடக ஓவியங்கள்ல கோமாளிங்க ஏன் எப்பவும் குடியும் கும்மாளமுமாவே இருக்காங்க?

குடிகாரப் பசங்கன்னு முத்திரை குத்திடாதீங்க பாவம், அந்தப் படங்கள்ல முதல்ல பசி, ஒயின் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கொமேதியா தெல்லார்த்தேன்னு சொல்ற இந்த முகமூடி நாடகம் 1500கள்ல சூடு பிடிச்சது. அதுல வேலைக்காரனா வர்றவனுக்கெல்லாம் ஒரே கவலை, வயிறு. பெர்கமோ மலைப்பக்கத்துலேர்ந்து வெனிசுக்கு மூட்டை தூக்கப் பொழைக்க வந்த ஆளுங்களைக் கிண்டல் பண்ணித்தான் அர்லெக்கீனோ மாதிரி வேலைக்காரக் கோமாளிங்க வந்தாங்க. ஓவியருங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புல்ச்சினெல்லாங்கிற கோமாளி நேப்பிள்ஸ்காரன், தொளதொள வெள்ளைச் சட்டை, உயரமான தொப்பி, வளைஞ்ச மூக்கோட கருப்பு மாஸ்க், பின்னாடி கூன், முன்னாடி தொந்தி. அந்தத் தோல் மாஸ்க் பாதி முகத்துக்குத்தான், வசனம் பேசணும்ல, அதனால வாயைத் திறந்து விட்டிருப்பாங்க. மாஸ்க் மறைக்கிறதால வரையிறவனுக்கு கோமாளியோட கண்ணும் சரியா கிடைக்காது புருவமும் கிடைக்காது, கையில மிச்சம் இருக்கிறது அந்த வாய் ஒண்ணுதான், அப்போ கோமாளி திங்கிறதையும் குடிக்கிறதையும் வரையாம வேற என்னத்த வரைவான்?

இதுல நான் முதல்ல பாக்கச் சொல்றது 1700கள்ல இருந்த வெனிஸ் ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியேபோலோ வரைஞ்ச புல்ச்சினெல்லா ஸ்கெட்ச்சுங்க. அரண்மனை சீலிங்ல தேவதைங்களைப் பறக்க விட்ட பெரிய மனுஷன், இங்க வந்தா கூன் விழுந்த ஒரு கும்பல் சட்டியைச் சுத்தி உக்காந்து ஞோக்கி வேக வெக்குது, அதான் அந்த மாவு உருண்டை, ஒருத்தன் கிண்டுறான், ஒருத்தன் வாயில போட்டுப் பாக்குறான், தின்னு குடிச்சு மட்டையானவனும் உண்டு. இது சும்மா கற்பனை இல்ல, வெரோனாவுல கார்னிவல், அதாவது கிறிஸ்தவங்க தவக்காலத்துக்கு முன்னாடி கொண்டாடுற திருவிழா, அதோட கடைசி வெள்ளிக்கிழமை ஞோக்கித் திருவிழா இன்னைக்கும் நடக்குது, 1531 வாக்குல பஞ்சம் வந்து ஜனங்க கொந்தளிச்சப்போ மாவும் ஒயினும் பங்கு போட்டுக் குடுத்ததுலேர்ந்து வந்த வழக்கம்னு அந்த ஊர்ல சொல்வாங்க. வருஷம் பூரா காஞ்ச வயிறு ஒரே நாள்ல கணக்குத் தீக்குது, அதான் அந்தக் கும்மாளம்.

மகன் ஜான்தொமேனிகோ இன்னும் ஒரு படி மேல. சியானிகோங்கிற ஊர்ல சொந்த வீட்டுச் சுவத்துலயே, எவனும் காசு குடுக்காம, தன் ஆசைக்கு ஒரு ரூம் பூரா புல்ச்சினெல்லாவா வரைஞ்சு வெச்சார், கயித்து ஊஞ்சல்ல ஆடுறவன் சீலிங்ல இருக்கான், கீழேர்ந்து அண்ணாந்து பாக்கணும். அது முடிஞ்சது 1797 வாக்குல. அதே வருஷம் மே மாசம் நெப்போலியன் படைக்குப் பயந்து வெனிஸ் குடியரசே கலைஞ்சு போச்சு, கார்னிவலும் படுத்துடுச்சு. அப்புறமும் மனுஷன் விடல, சின்னப் பசங்க பொழுதுபோக்குக்குன்னு பேர் போட்டு 104 படம் வரைஞ்சார், புல்ச்சினெல்லா வான்கோழி முட்டையிலேர்ந்து பொறந்து செத்துப்போற வரைக்கும். (பசங்களுக்காம்! அதுல தூக்குத் தண்டனை எல்லாம் வருது.)

சியானிகோ ஓவியங்களை 1906ல சுவத்துலேர்ந்து பேத்து ஃப்ரான்ஸுக்கு அனுப்பப் பாத்தாங்க, நல்லவேளை தடுத்துட்டாங்க, இப்போ வெனிஸ்ல கா ரெஸ்ஸோனிகோ மியூசியத்துல இருக்கு.