குடிக்காதவனுக்குத் திராட்சைக் காட்டில் என்ன வேலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பிரான்ஸில் மக்கோன் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் மூன்று நாள் மலை சைக்கிள் ஓட்டியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் லியோனில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கிருந்து மக்கோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதே உங்கள் கட்டுரைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. போக ஆசை வந்துவிட்டது. ஆனால் சில சந்தேகங்கள்.

நான் குடிப்பதில்லை. ஒயினுக்குப் பேர்போன ஊரில் குடிக்காதவனுக்கு என்ன இருக்கிறது? அதோடு க்ளூனி மடத்தில் ஒரு முழு நாள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் படம் பார்த்தேன். பாதிக்கு மேல் இடிந்துபோன தேவாலயம். அதற்கு ஒரு நாள் தேவையா? நான் பெரிய சைக்கிள் வீரனும் இல்லை, ஏற்றம் என்றால் மூச்சு வாங்கும்.

கடைசியாக ஒன்று. ஆதிமனிதர்கள் குதிரைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போய் சொலுத்ரே பாறையின் உச்சியிலிருந்து விழவைத்து வேட்டையாடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தொல்லியல் படிக்கும் என் அறைத்தோழன் அது கட்டுக்கதை என்று சிரிக்கிறான். எது உண்மை?

– க., லியோன்

அன்புள்ள க.,

உங்கள் அறைத்தோழர் சொல்வதுதான் சரி. அந்த வரியை யாரோ சொல்லக் கேட்டு அப்படியே எழுதிவிட்டேன். அதைச் சரிசெய்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

சொலுத்ரே 493 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறை. ஒரு பக்கம் சாய்வாக ஏறிக்கொண்டே போய், மறுபக்கம் கத்தியால் அறுத்தது போல நின்றுவிடும். அதைக் கீழேயிருந்து பார்க்கிற யாருக்கும் குதிரைகள் விழுகிற காட்சி தானாகவே தோன்றும். 1866-ல் அகழத் தொடங்கியபோது அடிவாரத்து மண்ணில் குதிரை எலும்புகள் குவியல் குவியலாக வந்தன. அகழ்ந்தவர்களில் ஒருவரான அத்ரியன் ஆர்ஸ்லேன் சில ஆண்டுகளில் ஒரு நாவலும் எழுதினார். குதிரைகளை உச்சியிலிருந்து விழவைத்தது அந்த நாவல்தான். பிறகு வந்த ஆய்வாளர்கள் பார்த்தால், எலும்புகள் கிடந்த இடம் விளிம்புக்கு நேர் கீழே இல்லை. உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கியதற்கான அடையாளமும் இல்லை. பருவம் மாறும்போது இடம்பெயர்ந்து அந்த வழியாக வரும் மந்தைகளைப் பாறையின் அடியில் மடக்கிக் கொன்றிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே இடத்தில், அதே முறையில். அங்கே கிடைத்த கல்லாயுதங்களை வைத்துத்தான் ஒரு கற்காலப் பண்பாட்டுக்கே சொலுத்ரியன் என்று பெயர் வந்தது. இலை போல மெல்லிதாகச் செதுக்கிய முனைகள். இதற்குமேல் நாவல் எதற்கு?

அப்புறம், உச்சிக்கு சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். மித்தரான் ஜனாதிபதியாக இருந்தபோதும் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே சமயத்தில் இதில் ஏறுவார், பின்னாலேயே ஒரு பத்திரிகையாளர் பட்டாளமும் ஏறும். இப்போது மேலே கொனிக் என்ற போலந்து நாட்டுக் குட்டைக் குதிரைகள் மேய்கின்றன. புல்வெளியில் புதர் மண்டாமல் இருக்க விட்டிருக்கிறார்கள். அவற்றை யாரும் துரத்துவதில்லை.

சரி, ஒயின்.

நானும் பெரிய குடிகாரன் இல்லை. அந்த மூன்று நாளில் உள்ளே போனது ஒரு டம்ளர்கூடத் தேறாது. சுவைபார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிரான்ஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள்காரனுக்கும் உண்டு என்பதால் துப்புவதே உத்தமம். ஆனால் நீங்கள் பாத்திரத்தின் பக்கமே போக வேண்டாம். நான் அங்கே கற்றதில் முக்கால்வாசி என் டயர் கற்றுக்கொடுத்தது.

வெர்ஜிசோன், சொலுத்ரே, ஃபுய்ஸே, ஷாந்த்ரே என்று நான்கு ஊர்கள். இவற்றின் சரிவுகளில் விளைகிற ஷார்தொனே திராட்சைதான் புய்யி-ஃபுய்ஸே என்ற வெள்ளை ஒயின் ஆகிறது. மண் சுண்ணாம்புக்கல்லும் களியும். முதல் நாள் லேசாகத் தூறியது. அரை மணி நேரத்தில் இரண்டு சக்கரத்திலும் வெளிர்மஞ்சள் களி அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவே இல்லை. ஒரு குச்சியை வைத்துத் தோண்டி எடுத்தேன், பத்து மீட்டர் போனேன், மறுபடி தோண்டினேன். மூன்றாம் நாள் தெற்கே போஜொலே என்ற ஒயின் பகுதிக்குள் ஃப்ளூரி ஊர் வரை இறங்கினேன். அங்கே தரை இளஞ்சிவப்புக் கருங்கல் சிதைந்த மணல். பருபருவென்று இருக்கும், ஒட்டாது, உதறினால் உதிர்ந்துவிடும். தலைதூக்கிப் பார்த்தால் கொடியும் வேறு. ஷார்தொனே போய் காமே என்ற கறுப்புத் திராட்சை வந்துவிட்டது. பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். எந்த ஒயினையும் வாயில் வைக்காமல் இரண்டு ஒயின் ஏன் வேறு வேறு என்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

இந்தக் காமேவுக்கு ஒரு வழக்கு உண்டு. 1395-ல் பர்கண்டியின் கோமகன் பிலிப், இது மோசமான, துரோகச் செடி என்று சொல்லி வெட்டி எறிய ஆணை போட்டார். காய்ப்பு அதிகம், சீக்கிரம் பழுக்கும், குடியானவனுக்குக் கட்டுப்படியாகும். கோமகனுக்கோ பினோ நுவார் என்ற உயர்ந்த கறுப்புத் திராட்சையின் பெயர் கெட்டுவிடக் கூடாது. ஒரு செடிக்குத் துரோகி பட்டம் கொடுத்த அரசர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் வடக்கே சுண்ணாம்பில் சுமாராக இருந்த காமே, தெற்கே கருங்கல் மண்ணில் ராஜாவாகிவிட்டது.

இன்னொன்று. எல்லோரும் படம் எடுக்கிற அந்த நேர்நேரான கொடி வரிசைகள் பழங்காலத்தவை என்று நினைத்திருந்தேன். இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசிவரை கொடிகள் கலைந்த கூட்டமாகத்தான் நின்றன. பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போட்டே தோட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி வந்து பிரான்ஸின் கொடிகளைத் தின்று தீர்த்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். ஒட்டுக்கொடிக்குப் பதியம் ஆகாது, புதைத்த கிளை தன் சொந்த வேரை விட்டால் பூச்சி மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கம்பி கட்டி, வரிசை பிடித்து, நடுவே குதிரை ஏர் போக வழிவிட்டு நட்டார்கள். இன்று அந்த வரிசைகளின் தலைக்குமேல் கால் அகட்டி நடக்கிற உயரமான டிராக்டர் ஓடுகிறது. எதிரே வந்தால் சைக்கிளை ஓரங்கட்டிவிடுங்கள். வரிசைக்குள் ஓட்டாதீர்கள், பழத்தில் கை வைக்காதீர்கள். அது பொதுவழி இல்லை, ஒருவருடைய வயல்.

உங்களுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்கிறீர்கள். எனக்கும்தான். பாதி ஏற்றங்களில் இறங்கித் தள்ளினேன். வெர்ஜிசோனுக்கு மேலே அப்படித் தள்ளிக்கொண்டு போகும்போது, வேலியோரம் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவருடைய தாத்தா காலத்தில் இதே வழியில் மண்ணைச் சுமந்தார்கள் என்றார். பெருமழை பெய்தால் சரிவின் மண் அடிவாரத்துக்கு வழிந்துவிடும். அதைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். பர்கண்டிச் சரிவுகள் முழுவதிலும் பல நூற்றாண்டு நடந்த வேலை இது. சைக்கிளைத் தள்ளிய பிறகு அந்தக் கூடையின் எடை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. காரில் போயிருந்தால் அழகான ஊர் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆகவே மூச்சு வாங்கட்டும், பரவாயில்லை.

க்ளூனி விஷயத்தில் நான் உங்களோடு சண்டை போடத் தயார். மடம் 910-ல் தொடங்கியது, நன்கொடை அக்கித்தேன் கோமகன் வில்லியமுடையது. 1088-ல் தொடங்கிய அதன் மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798-ல் அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதைக் கல் குவாரியாக நடத்தினார்கள். வெடிவைத்துத் தகர்த்து, இருபது ஆண்டுக்கு மேலாகக் கல் கல்லாக விற்றார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறுக்குமண்டபத்தின் தெற்குக் கையும் அதன்மேல் எண்கோணக் கோபுரமும் மட்டும் முழு உயரத்தில் நிற்கின்றன.

நீங்கள் பார்த்த படத்தில் அந்தக் கோபுரம் மட்டும்தான் இருந்திருக்கும். நேரில் போனால் முதலில் மேற்கே, தூண்களின் அடி மட்டும் தெரிகிற பழைய வாசலில் நில்லுங்கள். அங்கிருந்து கோபுரத்தைப் பாருங்கள். அது தூரத்தில், வேறு ஏதோ கட்டடம் போலத் தெரியும். நடுவில் இருக்கிற வெளி, தெரு, வீடு எல்லாம் கோயிலின் உள்ளே இருந்த இடம். அதைக் காலால் நடந்து அளந்துவிட்டுக் கோபுரத்தின் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். இல்லாத பத்தில் ஒன்பது பங்கும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நெப்போலியன் காலத்தில் பக்கத்திலேயே அரசுக் குதிரைப் பண்ணை கட்டினார்கள், அதற்கும் மடத்துக் கல்தான். முழுசாக நிற்கிற தூர்னூ தேவாலயத்தையும் பார்த்தேன், நல்ல கோயில்தான், ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். க்ளூனியில் இருட்டும்வரை இருந்தேன்.

க்ளூனியின் சுவர்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வழியில் பெர்ஸே-லா-வீலில் துறவிகளின் சிறு கோயிலுக்குள் போங்கள். 1887-ல் வெள்ளையடித்த பூச்சுக்கு அடியில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவரோவியம் கண்டுபிடித்தார்கள். நடுவில் பிரமாண்டமான கிறிஸ்து, நீலப் பின்னணி. இருபது பேர் நின்றால் நிறைந்துவிடும் போலிருக்கும் இடத்தில் அது உங்கள்மேல் கவிழ்ந்து நிற்கும்.

அருகில் மில்லி என்ற கிராமம். கவிஞர் லாமர்தீன் சிறுவயதில் வளர்ந்த வீடு அங்கே. கவிதையைவிடத் திராட்சைத் தோட்டத்தில் அதிகம் பணத்தைவிட்டு, கடன் தாங்காமல் 1860-ல் அந்த வீட்டையே விற்றார். 1848 புரட்சியில் சில மாதம் தற்காலிக அரசின் முன்னணியில் இருந்தவர். அந்த ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது அந்த அரசுதான். அடுத்து நடந்ததில் நமக்கும் பங்கு உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆளில்லாமல் போக, பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். கரீபியன் தீவுகளில், 1853-ல் மார்த்தினிக்கிலும் அடுத்த ஆண்டு குவாதலூப்பிலும் போய் இறக்கினார்கள். மில்லியில் அந்த வீட்டு வாசலில் தண்ணீர் குடிக்க நின்றபோது நினைவுக்கு வந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு சைக்கிள்காரன் அங்கே ரொம்ப நேரம் நின்றதைப் பார்த்து அந்த வீதிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

இனி வழி. முதல் நாள் சிரமப்பட வேண்டாம். மக்கோனை ஒட்டி ஆரம்பிக்கிற வோய் வெர்த், அதாவது பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியது, உங்களை க்ளூனிக்குக் கொண்டுபோய்விடும். க்ளூனிக்கு வடக்கே இதே பாதையின் ஜிவ்ரி வரையுள்ள பகுதிதான் 1997-ல் பிரான்ஸில் முதலில் திறந்தது. மக்கோனிலிருந்து க்ளூனி போகிற வழியில் 1.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள், அப்போது குன்றின்மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஒரு முழுக்கைச் சட்டை வையுங்கள். இரண்டாம் நாள் பாதையை விட்டுக் காட்டுவழியில் திரும்புங்கள். மலை சைக்கிளை அங்கே வேதேதே என்பார்கள். ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட சிறு பலகைகள் வழிகாட்டும். பச்சை எளிது, நீலம் பரவாயில்லை, சிவப்பு கடினம், கறுப்பின் பக்கம் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் களிமண் வழி வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். இலையுதிர்காலத்து ஞாயிறுகளில் காட்டில் வேட்டை நடக்கும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள், எப்படியும் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

பசிக்கு, அங்கே ஆட்டுப்பாலில் செய்த குட்டிப் பாலாடைக்கட்டி கிடைக்கும். கால்சட்டைப் பொத்தான் என்று பெயர், அளவும் கிட்டத்தட்ட அதுதான். காய்ந்தது நன்றாக உறைக்கும். நான்கைந்தைப் பையில் போட்டுக்கொண்டால் மதியம்வரை தாங்கும்.

வாடகை சைக்கிளை எடுக்கும்போது பின் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். எனக்குக் கொடுத்த வண்டியில் பேட் தேய்ந்திருந்தது. வெர்ஜிசோன் இறக்கத்தின் பாதியில்தான் தெரிந்தது, மீதியை ஷூவின் அடிப்பாகம் பார்த்துக்கொண்டது. அந்த ஷூ இப்போது இல்லை.

முடிந்தால் அறைத்தோழரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாறையின் அடியில் நின்று, நான் இன்னும் என்னென்ன தப்பாக எழுதியிருக்கிறேன் என்று அவர் சொல்லட்டும். எழுதி அனுப்பினால் அதையும் இங்கே போடுகிறேன்.