இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்

அன்புள்ள ஐயா,

வரும் மே மாதம் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், 8 வயது மகள், 72 வயது அம்மா. பாரிஸ், நீஸ், சுவிட்சர்லாந்து, கடைசியில் நேப்பிள்ஸ், மொத்தம் 14 நாள். மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார் டூர்காரர். இத்தனை லட்சம் செலவழித்துப் போய் அங்கேயும் பன்னீர் பட்டர் மசாலாவா என்று எனக்கு இருக்கிறது. மனைவியோ, அம்மாவைப் பட்டினி போடப் போகிறீர்களா என்கிறாள். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மற்ற நால்வரும் எல்லாம் சாப்பிடுவோம். மகன் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, பாரிஸில் நத்தை சாப்பிட்டே தீருவேன் என்று நிற்கிறான். இது அம்மாவுக்குத் தெரியாது. நீஸில் நாங்கள் இறங்குவது ஒரு ஞாயிறு இரவு, அங்கே இரண்டு நாள். நீங்கள் மாமியாரை அழைத்துக்கொண்டு போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மூன்று வேளைக்கும் கட்டாதீர்கள். ராத்திரிக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்கச் சுற்றிவிட்டுக் கால்வலியோடு வரும் அம்மாவிடம், இரவு எட்டு மணிக்குப் பெயர் தெரியாத ஒன்றை நீட்டுவது பாவம். பன்னீரைக் கேலி செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் ஐந்தாம் நாள் ராத்திரி சூடான சாதத்தைப் பார்த்து என் மாமியாரின் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பகல் உங்களுடையது. ஆனால் அங்கே பகலுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் ஊரில் மூன்றரைக்குப் போய் நின்றாலும் "மீல்ஸ் முடிஞ்சுது, டிபன் இருக்கு" என்று உட்காரவைப்பார்கள். பிரான்ஸில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அதோடு பெரும்பாலான கடைகளில் அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி ஏழு ஏழரைக்குத்தான் பற்றவைக்கிறார்கள். லியோனில் நாங்கள் மியூசியத்தை விட்டு வெளியே வந்தபோது இரண்டே முக்கால். வரிசையாக நான்கு கடை ஏறி இறங்கினோம். உள்ளே ஆட்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள், கதவும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் சர்வர் தலையை மட்டும் ஆட்டுகிறார். பிரான்ஸின் சாப்பாட்டுத் தலைநகரம் என்பார்கள் அந்த ஊரை. அங்கே நாங்கள் சாப்பிட்டது ரயில் நிலைய பெஞ்சில் ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட். என் பெண்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

நாள் முழுக்கத் திறந்திருந்து, வாசலில் படம் போட்ட மெனுவை நிறுத்திவைக்கும் கடைகள் நம்மைப் போல நேரம் தவறியவர்களை நம்பித்தான் நடக்கின்றன. அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து "ஐரோப்பாவில் சாப்பாடே சரியில்லை" என்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டேகாலுக்கு உட்கார்ந்துவிடுங்கள். வாசல் சிலேட்டில் சாக்பீஸால் 'ப்ளா து ஜூர்' என்று எழுதியிருக்கும், அன்றைய சாப்பாடு என்று அர்த்தம். ராத்திரி விலைக்கு இது எவ்வளவோ குறைவு. தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேட்டால் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொண்டுவருவார்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்துவிடும், பில்லில் ஏறும்.

பாரிஸில் காலை வேளைக்கு ஹோட்டல் பஃபேயை விட்டுவிட்டுத் தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போங்கள். பகெத் என்று மட்டும் சொல்லாமல் 'ட்ரடிசியோன்' என்று கேளுங்கள். 1993-ல் போட்ட ஓர் அரசாணைப்படி, அந்தப் பெயரில் விற்கும் ரொட்டியின் மாவை உறையவைக்கக் கூடாது, ரசாயனமும் கூடாது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான் முக்கியச் சரக்கு. பாலும் முட்டையும் இல்லை, அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். கடையை விட்டு வந்ததும் ரொட்டியின் முனையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டே நடப்பதுதான் அங்கே வழக்கம். உங்கள் மகளிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஒரு சேதியும் சொல்லுங்கள். பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெத் பரிசை 2023-ல் வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போன தமிழர். ஜெயித்தவருக்கு ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமை. என் மாமியாரிடம் சொன்னபோது "அப்போ நம்ம பையன் கை பட்ட ரொட்டிதானா!" என்றார். நாங்கள் வாங்கிய கடை வேறு. நான் திருத்தவில்லை.

நத்தையைப் பையன் சாப்பிடட்டும். பூண்டும் பார்ஸ்லியும் போட்ட வெண்ணெயில் ஓட்டோடு சுட்டுத் தருவார்கள். ஆறு, பன்னிரண்டு என்ற கணக்கில் வரும், ஆறு போதும். மிச்ச வெண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதுதான் பாதி ருசி. பாட்டிக்குத் தெரிந்து ஏதாவது சொன்னால், தஞ்சாவூர்ப் பக்கம் வயல் நத்தையைக் குழம்பு வைக்கிறவர்கள் உண்டு என்று ஞாபகப்படுத்துங்கள். எடுபடுமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

சுவிட்சர்லாந்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஃபோண்டு என்கிற சீஸ் சட்டியில் வெள்ளை ஒயினும் செர்ரிச் சாராயமும் போடுகிறார்கள். மூடியைத் திறந்ததுமே என் மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அதைவிட முக்கியம், கிரூயேர் சீஸையும் இத்தாலியின் பார்மிசானையும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட்டை வைத்துத்தான் உறையவைக்கிறார்கள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன், சுத்த சைவம் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். அவருக்கு ரோஷ்டி வாங்கிக்கொடுங்கள். துருவிய உருளைக்கிழங்கைத் தட்டி மொறுமொறுவென்று சுடுவது, அடைக்குத் தங்கச்சி. பன்றி இறைச்சித் துண்டும் கொழுப்பும் சேர்க்கிற கடைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். நீங்கள் நால்வரும் ஃபோண்டு சாப்பிடும்போது கடைசி வரை பொறுமையாக இருங்கள். அடியில் சீஸ் பிடித்துப் பொன்னிறமாக ஒரு தட்டு நிற்கும், சுரண்டி எடுத்துத் தருவார்கள். நெய் காய்ச்சிய சட்டியில் கசண்டுக்குச் சண்டை போடுவோமே, என் பெண்கள் அதற்கு அப்படித்தான் சண்டை போட்டார்கள்.

நேப்பிள்ஸில் பிரச்சினையே இல்லை. அம்மாவுக்கு மரினாரா பீட்சா சொல்லுங்கள். பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது, சீஸும் கிடையாது. தக்காளி, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய். விறகடுப்பில் ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்து வந்துவிடும்.

பெட்டியில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போங்கள். நெய், பால்கோவா வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருள் கொண்டுவர அங்கே அனுமதியில்லை, பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

நீஸைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். கூர் சலேயா என்று பூவும் காய்கறியும் விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே சோக்கா விற்பார்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. வண்டிச்சக்கரம் அளவு தாமிரத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, ஓரம் கருகக் கருகச் சுரண்டிக் காகிதத்தில் போட்டு, மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். என் மாமியார் ஒரு துண்டைப் பிய்த்து விரல் நடுவே தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். "கடலை மாவுதானே மாப்பிள்ளை? பெருங்காயம் போடக்கூடாதா இவ?" என்றார். குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது பொட்டலமும் காலியானது. அந்தப் பயணத்தில் அவராகவே இன்னொரு தடவை கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

நீங்கள் இறங்குவது ஞாயிறு இரவு என்கிறீர்கள். திங்கட்கிழமை அந்தச் சந்தையில் பழைய சாமான் மட்டும்தான் போட்டிருப்பார்கள். செவ்வாய் காலை போங்கள்.