முப்பது மூட்டை சேர்த்துவிட்டோம், எப்படி அனுப்புவது?

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக நண்பர்களோடு சேர்ந்து பழைய துணி, மருந்து, பால்பவுடர் என முப்பது மூட்டை திரட்டிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எப்படி அனுப்புவது, பணமாகக் கொடுத்தால் உரியவர் கைக்குப் போய்ச் சேருமா என்பது அவர் கேள்வி.

அனுப்பாதீர்கள். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

பேரிடர் நடந்த முதல் சில மணி நேரத்தில் இடிபாட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஆட்களை இழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான். அதற்குப் பிறகு தொடங்குவது கணக்கு வேலை. நிவாரணப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் 'ஸ்பியர்' கையேடு, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. 5,000 பேர் தங்கிய முகாமுக்குத் தினமும் 75,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் லாரி ஏழெட்டு நடை வரவேண்டும். பாதி அறுந்துபோன ஒற்றைச் சாலையில் அந்த லாரிக்கு முன்னால் உங்கள் துணி லாரி நிற்கும்.

அது உள்ளே வந்தாலும், பிரிக்கிறவர் பாடு திண்டாட்டம். கட்டை அவிழ்த்ததும் ஈர நெடி. குழந்தைச் சட்டைகளுக்கு நடுவே யாரோ கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, பொத்தான் போன கால்சட்டை, ஜோடி இல்லாத செருப்பு. இதைத் தரம் பிரிக்க உட்காருகிறவர்கள் வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

மருந்து இன்னும் மோசம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதியின் மேலுறை அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. ஏராளமானதைச் செலவு செய்து அழிக்க வேண்டியதாயிற்று. பால்பவுடரோ, அசுத்தத் தண்ணீரில் கரைக்கப்பட்டால் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்துவிடும். நன்கொடையாக வரும் பால்பவுடரை வாங்க வேண்டாம் என்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

பணம் அப்படியல்ல. பக்கத்துச் சந்தை திறந்திருந்தால் அங்கேயே பொருள் வாங்கலாம். அந்த வியாபாரியும் பிழைப்பார். போய்ச் சேருமா என்ற சந்தேகம் நியாயமானது. அமைப்பு பதிவு பெற்றதா, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா, பேரிடருக்கு முன்பே அந்தப் பகுதியில் வேலை செய்ததா என்று பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். 'நூறு சதவீதமும் மக்களுக்கே' என்று மார்தட்டுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. டீசலுக்கும் கிடங்கு வாடகைக்கும் யாராவது பணம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

முடிந்தால் மாதாமாதம் சிறு தொகை கொடுங்கள். செய்தி வந்த பிறகு உண்டியல் குலுக்கினால் தாமதம்தான். ஐ.நா.வின் மைய அவசரகால நிதியம் 2006-இல் செயல்படத் தொடங்கியதும் பணம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கையிலிருக்கும் மூட்டைகளில் நல்ல துணியை உள்ளூரிலேயே விற்றுத் தொகையை அனுப்புங்கள். மருந்தை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு முறையாக அப்புறப்படுத்துங்கள். களத்திலிருக்கும் அமைப்பு பட்டியல் போட்டுப் பொருள் கேட்டால் மட்டும் கொடுங்கள்: பெட்டிக்கு ஒரே வகைப் பொருள், வெளியே பெயரும் எண்ணிக்கையும் தடித்த மையில். செருப்பு கேட்டிருந்தால், இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.