படகு வீட்டில் எரிவாயு: சான்றிதழ் இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். வீட்டு வாடகை கட்டுப்படியாகாததால், கால்வாயில் நிற்கும் பழைய நேரோபோட் (கால்வாய்களில் ஓடும் குறுகலான நீண்ட படகு) ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்க நினைக்கிறாள். சமையலுக்கும் வெந்நீருக்கும் சிலிண்டர் எரிவாயுதான். பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆயுள் இருப்பதால் வாங்கும் முன் படகைச் சோதிக்கும் சர்வே வேண்டியதில்லை என்கிறார் விற்பவர். காப்பீட்டு நிறுவனமோ சர்வே அறிக்கை கேட்கிறது. பணம் நாங்கள்தான் அனுப்ப வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: காப்பீட்டு நிறுவனம் கேட்பது சரியே. அது கேட்காமல் விட்டிருந்தாலும், சர்வே முடியும் முன் முழுத் தொகையை அனுப்ப வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

விற்பவர் காட்டுவது போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழாக இருக்கும். 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெற வேண்டிய இது, கால்வாயில் படகை வைத்திருக்க உரிமம் பெறுவதற்குத் தேவைப்படுவது. தீ, வெடிப்பு, மாசு ஆகியவற்றால் அக்கம்பக்கத்துப் படகுகளுக்கும் நீர்வழிக்கும் தீங்கு நேராமல் காப்பதே இதன் முதன்மை நோக்கம். படகின் அடித்தகடு துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்று இந்தச் சோதனையில் பார்ப்பதில்லை. எரிவாயு அமைப்பிலும், சோதித்த நாளன்று கண்ணுக்கும் கைக்கும் எட்டிய பகுதி எப்படி இருந்தது என்பதைத்தான் சான்றிதழ் சொல்கிறது. அதன் பிறகு கழிந்த இரண்டு ஆண்டுகளில் ரப்பர் குழாயில் விரிசல் விழுந்திருக்கலாம், யாரோ அடுப்பை மாற்றியிருக்கலாம்.

நம் ஊரில் காப்பீட்டு சர்வேயர் என்றால் இழப்பு நேர்ந்த பிறகு வந்து மதிப்பிடுபவர். இங்கே நாம் பேசுவது, வாங்கும் முன் படகைக் கரையேற்றி, மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து அறிக்கை தருபவரைப் பற்றி. தகடு 4 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும். சர்வேயரை உங்கள் மகளே தன் பெயரில் அமர்த்த வேண்டும். ஏனெனில் அவர் பொறுப்புக் கூறுவது தம்மை அமர்த்தியவருக்குத்தான், விற்பவர் எடுத்துவைத்திருக்கும் பழைய அறிக்கையில் பிழை இருந்தால் உங்கள் மகளால் அதை எழுதிய சர்வேயரைக் கேள்வி கேட்பது கடினம். தனிநபரிடம் வாங்கும் பழைய படகில் குறை பின்னால் தெரியவந்தால், வணிகரிடம் கேட்பது போல உரிமையோடு கேட்கவும் முடியாது. ஆகவே, விலை பேசும்போதே ‘சர்வே முடிவுக்கு உட்பட்டது’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி எரிவாயு. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றிவிடலாம். படகோ அடிப்புறம் அடைத்த தொட்டி, கசிந்த வாயு தரைப்பலகைக்குக் கீழே இறங்கி அங்கேயே தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர்களைப் படகின் உட்பகுதியோடு தொடர்பில்லாத அடைப்பறையில் வைத்து, அதன் அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே வெளிப்புறமாக ஒரு வடிதுளை விட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். அந்தத் துளை துருவாலோ பெயிண்டாலோ அடைபட்டிருக்கிறதா என்பதை உங்கள் மகளே குனிந்து பார்த்துவிடலாம். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தரக்குறியீடும் ஆண்டும், ரெகுலேட்டரின் வயது, தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் கருவி ஒவ்வொரு பர்னரிலும் உண்டா என்பது ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை.

வெந்நீர்க் கருவி எரிவதற்கான காற்றை அறைக்குள்ளிருந்து எடுக்காமல் வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும் வகையாக இருந்தால் நல்லது. அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு சன்னலைச் சாத்தி உறங்கியவர்கள் கண் விழிக்காமலே போன செய்திகளை மலையில் வாழும் நாம் கேட்டிருக்கிறோம். அதே கார்பன் மோனாக்சைடு குளிர்காலப் படகிலும் கொல்லும். 2019 ஏப்ரல் 1 முதல் அதற்கான எச்சரிக்கை மணி அந்தச் சான்றிதழுக்கே கட்டாயமாகிவிட்டது. மணி இருந்தால் போதாது, பொத்தானை அழுத்தி அது ஒலிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொதுவான சர்வேயர் எரிவாயு வல்லுநர் அல்லர்; வெளியே தெரியும் பகுதியை மட்டுமே பார்த்ததாகப் பலர் அறிக்கையிலேயே எழுதிவிடுவார்கள். குடியிருக்கும் படகில் கூலிக்கு எரிவாயு வேலை செய்பவர் எரிவாயு வேலை செய்வோருக்கான அதிகாரபூர்வப் பதிவேடான கேஸ் சேஃப் ரிஜிஸ்டரில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதிமுறை. அவருடைய அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி உண்டு என்று அச்சிட்டிருக்கும். சிலிண்டர் எரிவாயு, படகு ஆகிய இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவரிடம் கசிவுச் சோதனையை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டுப் படிவத்தில், படகிலேயே குடியிருக்கப் போவதை மறைக்காமல் எழுத வேண்டும். பொழுதுபோக்குப் படகு என்று எழுதினால் பிரீமியம் சற்றுக் குறையலாம், ஆனால் இழப்பு நேரும் நாளில் கையில் இருப்பது வெறும் காகிதமாகிவிடும். சர்வேயர் சுட்டிய குறைகளைக் குறித்த நாளுக்குள் சரிசெய்வதை நிறுவனங்கள் நிபந்தனையாக்குவதுண்டு. செய்த வேலைக்கான ரசீதையும் வல்லுநரின் அறிக்கையையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வாங்கிவைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஏதோ ஒரு சிறு நிபந்தனையைக் காட்டி, பிறகு இழப்பீட்டை மறுத்துவிட்டால்?

பதில்: எதற்கும் தொடர்பில்லாத நிபந்தனையைக் காட்டி மறுப்பது அங்கே எளிதன்று. மீறிய நிபந்தனைக்கும் நேர்ந்த இழப்பின் அபாயத்துக்கும் தொடர்பே இருந்திருக்க முடியாது என்று காட்டினால், அதைச் சாக்காகச் சொல்ல முடியாதபடி 2015ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 11ஆம் பிரிவு தடுக்கிறது. எரிவாயுக் குழாயை மாற்றாமல் விட்டவருக்குத் திருட்டில் நேர்ந்த இழப்பை அந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாது. தீ விபத்து என்றால் நிலைமை வேறு. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். 8 வாரங்களுக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் அமைப்பான ஃபைனான்சியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸிடம் கட்டணமின்றி முறையிடலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து அதற்கு 6 மாத அவகாசம் உண்டு.