கிருமியே இல்லாமல் கால் பெருவிரல் வீங்குமா?

கேள்வி: எனக்கு வயது 47. போன மாதம் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த அன்று நள்ளிரவில் வலது கால் பெருவிரல் மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, நெருப்பாகக் கொதித்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. காயம், புண் எதுவும் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் சரியானது. இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. டாக்டர் ‘இது கௌட், கிருமி இல்லை’ என்கிறார். ஆனால் ரத்தத்தில் யூரிக் அமிலம் 6.1 தான், நார்மல் என்று போட்டிருக்கிறது. கிருமி இல்லாமல் இவ்வளவு சூடும் சிவப்பும் எப்படி வரும்? அப்படியானால் ஆன்டிபயாடிக் எப்படிக் கேட்டது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. கௌட், அதாவது மூட்டில் யூரிக் அமிலம் படிகமாகப் படிவதால் வரும் வலி, எந்த மருந்தும் போடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கக்கூடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். வீங்கிச் சிவந்தாலே ஆன்டிபயாடிக் என்கிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

அடுத்து, சூடும் சிவப்பும். கிருமிதான் இதைச் செய்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது நம் உடம்பேதான். கிருமி அதைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவே. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொரு கிருமியையும் பெயர் சொல்லி அடையாளம் காண இவற்றுக்குத் தெரியாது. நம்மிடம் இல்லாமல் கிருமிகளிடம் மட்டும் இருக்கிற சில பொருள்களைப் பிடித்துப் பார்க்கிற ஏற்பிகள் இவற்றின் மேலும் உள்ளேயும் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றவை டோல் வகை ஏற்பிகள். மனிதருக்கு 10 உண்டு. நான்காம் எண் ஏற்பி சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவர்க் கொழுப்பைப் பிடிக்கும், ஐந்தாம் எண் அவற்றின் நீந்தும் வாலைப் பிடிக்கும், மூன்றாம் எண் வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும். இந்த ஏற்பிகளுக்குப் பெயர் தந்த டோல் மரபணு ஈக்களில் இருக்கிறது; அது இல்லாத ஈக்கள் பூஞ்சைக்குப் பலியாவதை 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு காட்டியது. நான்காம் ஏற்பியின் வேலையை 1998இல் புரூஸ் பாய்ட்லர் எலிகளில் கண்டார். 2011 நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும் போனது.

ஏற்பியில் ஆள் சிக்கியதும் செல் சில புரதங்களை வெளியே விடுகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் கசிகிறது, அதனால் வீக்கம். ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. நரம்பு நுனிகள் கூர்மையாகிவிடுவதால் போர்வைகூட வலிக்கிறது.

சரி, உங்கள் விரலில் கிருமி எங்கே? இல்லை. அங்கே இருப்பது யூரிக் அமிலம் உறைந்த ஊசி வடிவப் படிகங்கள். மேக்ரோபேஜ் அவற்றை விழுங்குகிறது, ஜீரணிக்க முடியாமல், அவற்றை உள்ளே அடைத்துவைத்த பை கிழிகிறது, செல்லின் பொட்டாசியம் வெளியே வடிகிறது. செல்லுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற இன்னொரு உணரி இருக்கிறது. வந்தவன் யார் என்று அது பார்ப்பதில்லை. வீட்டுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். உடனே பல புரதங்களைத் திரட்டி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற, வீக்கத்தையும் சூட்டையும் கிளப்பும் புரதத்தை வெட்டித் தயார்செய்து வெளியே அனுப்புகிறது. யூரிக் அமிலப் படிகம் இந்த உணரியைத்தான் தட்டுகிறது என்று 2006இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் யூர்க் சோப் குழு கண்டறிந்தது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கிருமி வந்தால் நடப்பதேதான். அதனால்தான் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை.

உங்கள் விருந்தும் இதில் வருகிறது. படிகம் மாதக்கணக்கில் மூட்டில் சும்மா கிடக்கும். இந்த உணரிக்கு முதலில் ஒரு தூண்டல், பிறகு படிகம் என்று இரண்டு சுவிட்ச் தேவை. முதல் சுவிட்சைச் சில கொழுப்பு அமிலங்கள் டோல் ஏற்பி வழியாகப் போட்டுவிடும் என்று எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் காட்டியிருக்கிறார்கள். பிரியாணியும் பீரும் சேர்ந்த இரவில் கால் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். (பீர் குடித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை!)

6.1 என்ற எண்ணை நம்பாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது சிலருக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாகக் குறைந்துவிடும். வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 6.8ஐத் தாண்டினால்தான் படிகம் உறையத் தொடங்கும். உடம்பின் குளிர்ச்சியான ஓரமான கால் விரலில் இன்னும் எளிதாக உறையும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கத்துடன் மூட்டு வீங்கினால், அதிலும் சர்க்கரை நோய் இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் உண்மையாகவே கிருமி புகுந்தால் சில நாட்களில் குருத்தெலும்பைத் தின்றுவிடும். ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் படிகத்தையும் பார்க்க வேண்டும், கிருமி வளர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மருந்துக்கு வருவோம். வலி நிவாரணி, ஸ்டீராய்டு, கால்ச்சிசின் ஆகிய மூன்றில் உங்கள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஏற்றதை டாக்டர் தேர்ந்தெடுப்பார். கால்ச்சிசின் நியூட்ரோஃபில்கள் ஊர்ந்து வருவதைத் தடுக்கிறது. மேலே சொன்ன உணரி திரள்வதையும் தடுக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பது இதே பொருள்தான். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதற்காக யாராவது கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், உயிரையே எடுக்கும். மாத்திரையிலும் அளவு மீறக் கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்த்தால் ரத்தத்தில் அளவு ஏறி ஆபத்தாகலாம். கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி வந்தால் யூரிக் அமிலத்தை 6க்குக் கீழே வைக்க அல்லோபியூரினால் என்ற மருந்து தேவைப்படலாம். ஆரம்பித்த சில மாதங்களில் படிகம் கரையும்போது மறுபடி வலி வரக்கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பருப்பையும் கீரையையும் விட வேண்டியதில்லை. பீர், ஈரல், நெத்திலி, இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றைக் குறையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும்.